கூரை எழுந்த பின்: மைசூருவில் சொந்த வீட்டை நிறைவு செய்வது

மைசூருவின் யாதவகிரிப் பகுதியில் ஆங்கில நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் தமக்கென்று கட்டிக்கொண்ட இரண்டடுக்கு வீடு இருக்கிறது. சென்னையில் பிறந்து, மைசூருவையே வாழிடமாக வரித்துக்கொண்ட இத்தமிழர் 1950-களின் தொடக்கத்தில் அவ்வீட்டுக்கு வந்தார். எழுதுவதற்கென மாடியில் அமைத்துக்கொண்ட அறைக்கு எட்டுச் சன்னல்கள் வைத்தார். அவற்றின் வழியே சாமுண்டி மலை தெரிந்ததைத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். 2011-இல் அவ்வீட்டை இடிக்கும் வேலை தொடங்கி, எதிர்ப்பு எழுந்ததால் நின்றது. பின்னர் மாநகராட்சி அதனைப் பெற்றுச் சீரமைத்து, 2016-இல் நினைவில்லமாகத் திறந்தது.

அங்கே செல்லும் நாம் கடைக்காலையும் கம்பிக் கட்டையும் பார்ப்பதில்லை. சன்னலையும் சுவரையும் தரையையும் படிக்கட்டையுமே பார்க்கிறோம். நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். குடும்பம் நாள்தோறும் கையால் தொட்டு, காலால் மிதித்து, கண்ணால் கண்டு வாழ்வது நிறைவு வேலைகளோடுதான். ஆயினும் கையிருப்பும் பொறுமையும் குறைந்துவிட்ட வேளையில்தான் அவ்வேலைகள் நம்முன் வந்து நிற்கின்றன. மைசூருவில் 30-க்கு 40 அடி மனையில் தாமே முன்னின்று வீடு கட்டும் குடும்பம் ஒன்றை மனத்தில் வைத்து, கூரைத் தளம் போட்ட நாளிலிருந்து குடிபுகும் நாள் வரையுள்ள காலத்தை இங்கே ஆராய்வோம். மழைக் கணக்கைத் தவிர ஏனையவை தமிழகத்து வாசகர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பணம் எங்கே தீர்கிறது?

கூரை முடிந்ததும் வீடு முக்கால் பங்கு முடிந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. செலவுக் கணக்கு அவ்வாறு சொல்வதில்லை. மின்கம்பி, குழாய், பூச்சு, தரை, கதவு, சன்னல், சமையலறை, வண்ணம், சுற்றுச்சுவர், வாயிற்கதவு ஆகிய அனைத்தும் சேர்ந்து மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவதில்லை என்பது கட்டுமானத் துறையில் பொதுவாக வழங்கும் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மதிப்பீடு 40 லட்சம் ரூபாய். சொந்தப் பணம் 10 லட்சம். வீட்டுக் கடன் 30 லட்சம். பூச்சு வேலை முடியும்போது 28 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். ஆனால் அடித்தளத்தை ஓரடி உயர்த்தினோம். மாடியில் ஓர் அறையைச் சேர்த்தோம். தலைவாசலுக்குத் தேக்கு என்று முடிவு செய்தோம். செலவு 34 லட்சமாகிவிட்டது. சொந்தப் பணம் 10 லட்சமும் தீர்ந்தது. கடனில் 24 லட்சம் விடுவிக்கப்பட்டுவிட்டது. மீதி இருப்பது 6 லட்சம். மீதி வேலைக்கு வேண்டியதோ 12 லட்சம்.

இங்கே வாடிக்கையாளர் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கட்டுமானக் கடனை வங்கி கட்டம் கட்டமாகவே விடுவிக்கிறது. மதிப்பீட்டாளர் வந்து, முடிந்த வேலையைப் பார்த்துச் சான்றளித்த பிறகே அடுத்த தொகை வரும். ஆகவே கடைசித் தவணை, கடைசி வேலைக்கு முன்பு வருவதில்லை. அதன் பெரும்பகுதி முடிந்த பின்பே வருகிறது. தரைக்கல் கடைக்காரரோ, தச்சரோ, வண்ணம் பூசுபவரோ அதுவரை காத்திருப்பதில்லை. எனவே சொந்தப் பங்கில் ஒரு பகுதியை, மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 3 லட்சம் ரூபாயையாவது, கடைக்கால் தோண்டும் நாளிலேயே தனி வைப்பாக ஒதுக்கி, பூச்சு முடியும் வரை தொடாமல் காக்க வேண்டும். குறுகிய கால வைப்பாக இருந்தால் சிறிது வட்டியும் கிடைக்கும். எளிதில் கைவைக்கவும் தோன்றாது.

பற்றாக்குறை உறுதியென்று தெரிந்த பின் பலர் தனிநபர் கடனை நாடுகின்றனர். 6 லட்சத்தை 12 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 13,300 ரூபாய். 30 லட்சம் வீட்டுக் கடனுக்கு, 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு, ஏறத்தாழ 26,000 ரூபாய் தவணை ஏற்கெனவே காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மாதம் 39,300 ரூபாய். அதற்கு மாறாக, வேலை முடியும் முன்பே திருத்திய மதிப்பீட்டுடன் கிளையை அணுகி, வீட்டுக் கடனையே 36 லட்சமாக உயர்த்தக் கோரலாம். தகுதியிருந்து அது கிடைத்தால் கூடுதல் தவணை ஏறத்தாழ 5,200 ரூபாய் மட்டுமே. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரையிலும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடன் 80 விழுக்காடு வரையிலும் இருக்கலாம். 46 லட்சம் மதிப்புக்கு 36 லட்சம் அவ்வரம்புக்குள் அடங்கும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 6 லட்சத்தை 20 ஆண்டும் இழுத்துச் சென்றால் வட்டி மட்டுமே 6 லட்சத்தைத் தாண்டும். 5 ஆண்டுத் தனிநபர் கடனிலோ அது 2 லட்சத்தளவில் நிற்கும். மாறும் வட்டி வீதத்தில் தனிநபர் பெறும் வீட்டுக் கடனை முன்கூட்டிச் செலுத்தக் கட்டணம் கிடையாது. ஆகவே சிறு தவணையில் தொடங்கி, நெருக்கடி தீர்ந்ததும் கூடுதலாகக் கட்டிக் குறைப்பதே நம் பரிந்துரை. அவ்வாறு கட்டும் மனவுறுதி இல்லாதவர்களுக்கு நம் பரிந்துரை மலிவாக முடியாது.

தாமதத்துக்கும் விலை உண்டு. 24 லட்சம் விடுவிக்கப்பட்ட நிலையில் வேலை நின்றால், 8.5 விழுக்காட்டில் மாதம் 17,000 ரூபாய் வட்டி மட்டும் செலுத்திக்கொண்டிருப்போம். அசல் ஒரு ரூபாயும் குறையாது. குடியிருக்கும் வீட்டுக்கு மாத வாடகை 15,000 ரூபாய் எனில், ஆறு மாதத் தாமதத்தின் விலை 1,92,000 ரூபாய்.

ஒரு மழையைக் கடக்கட்டும்

மைசூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடலோரக் கர்நாடகத்தைப் போல ஜூன், ஜூலையில் பெருமழை கொட்டும் ஊரன்று. கோடையின் இறுதியில் இடியுடன் பெய்யும் மே மழையும், தசரா முடியும் காலத்து அக்டோபர் மழையும் இங்கே வலுவானவை. டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் வறண்டிருக்கும்.

வீடு கட்டும் குடும்பங்கள் இந்த நாட்காட்டியை விட்டுவிட்டு வேறொரு நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன. நமக்கு ஆடியும் மார்கழியும் ஆகா. கன்னட வீட்டாருக்கு ஆஷாடம் ஆகாது. இடையில் ஒரு முகூர்த்தம் குறிக்கப்படுகிறது, அழைப்பிதழ் அச்சாகிறது. பிறகு பூச்சு உலரும் முன்பே புட்டி, புட்டி உலரும் முன்பே வண்ணம் என்று வேலை ஓடுகிறது. விழா நாளில் வீடு பளபளக்கும். அடுத்த மழையில் சுவரில் ஓதம் ஏறும். வண்ணம் கொப்புளித்து உரியும். அடியில் வெள்ளை உப்புப் பூக்கும். வண்ணத்துக்காக ஒருமுறை செலவிட்டது போதாதென்று சுரண்டுவதற்கும் மீண்டும் பூசுவதற்கும் இன்னொருமுறை செலவிடுகிறோம். அதற்கு எந்தக் கடன் தவணையும் காத்திருப்பதில்லை.

ஆகவே நாம் சொல்லும் முறை இது. கூரைத் தளத்தை மே மாதத்துக்குள் முடித்து, உள்பூச்சையும் வெளிப்பூச்சையும் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். அதன்பின் வண்ணம் பூசாத நிலையிலேயே வீடு அக்டோபர் மழையை ஏற்கட்டும். மழை பெய்த மறுநாள் காலை, கையில் ஒரு கரித்துண்டுடன் ஒவ்வோர் அறையாகச் சென்று, சுவரில் ஈரம் தெரியும் இடத்தையெல்லாம் வட்டமிட வேண்டும். பூசாத சாம்பல் நிறச் சுவர் பொய் சொல்லாது; ஈரம் கருமையாகத் தெரியும். சன்னலின் கீழ்மூலை, கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோடு, கைப்பிடிச்சுவரின் அடி, கழிவறைக்குக் கீழுள்ள கூரை ஆகிய நான்கும் வழக்கமான குற்றவாளிகள். அவற்றைச் சரிசெய்து, டிசம்பரின் வறண்ட நாட்களில் வண்ணத்தைத் தொடங்கினால் தை முகூர்த்தத்துக்கு வீடு ஆயத்தமாகும். மழையின் வழியே வீட்டைச் சோதிப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

இந்தப் பருவத்தைத் தவறவிட்டவர்கள் என்ன செய்வது? தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் சன்னலையும் அரைமணி நேரம் நனைத்துப் பார்க்கலாம். மழைக்கு நிகராகாது, ஆனால் பெரிய ஓட்டைகள் அகப்பட்டுவிடும்.

வெளிப்புறம்

சுவரின் வெளிப்பூச்சு பொதுவாக இரண்டு அடுக்காக, சுமார் 20 மில்லிமீட்டர் கனத்தில் அமைகிறது. உள்பூச்சுக்கு 12 மில்லிமீட்டர் போதும். செங்கல்லும் கான்கிரீட்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால், அவை சேருமிடத்தில் கோழிவலை எனப்படும் கம்பிவலையை அடித்த பின்பே பூச வேண்டும். இதை விட்டுவிட்டால் அந்தக் கோட்டிலேயே மயிரிழை விரிசல் வருவது ஏறத்தாழ உறுதி. பூசிய பின் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும். மேஸ்திரிகள் க்யூரிங் என்று சொல்லும் இவ்வேலையில்தான் மிகுதியாக ஏமாற்றம் நிகழ்கிறது. ஒருவர் காலையில் வந்து ஒருமுறை தெளித்துவிட்டுப் போவது நீராற்றுதல் ஆகாது. அதன்பின் நான்கு வாரமாவது சுவர் உலர வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரால் கலவை குழைத்தால் பிற்காலத்தில் சுவரில் உப்புப் பூக்கும். இவ்வேலைக்கு நல்ல நீரை விலைகொடுத்து வாங்குவதும் வீண்செலவன்று.

சன்னலுக்கு மேலுள்ள வெயில்தடுப்பின் அடிப்புறத்தில், ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, விரலளவு பள்ளக்கோடு ஒன்று இட வேண்டும். மழைநீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வராமல் அக்கோட்டிலேயே சொட்டிவிடும். சன்னலின் அடிக்கல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கைப்பிடிச்சுவரின் தலையும் மொட்டைமாடிப் பக்கமாகச் சாய்ந்தால் முன்சுவரில் கறுப்பு வடுக்கள் இறங்கா. இவை மூன்றும் பூச்சு ஈரமாக இருக்கும்போது கொத்தனாருக்கு ஒரு மணி நேர வேலை. பின்னர் செய்வதானால் சுவரை உடைக்க வேண்டும்.

மொட்டைமாடியில் நீர் தேங்காத சரிவு முதன்மையானது. 100 அடிக்கு ஓரடி வீழ்ச்சியாவது மழைநீர்க் குழாயை நோக்கி இருக்க வேண்டும். நீர்த்தடுப்பு வேலை முடிந்ததும் குழாய்வாயை அடைத்து, இரண்டு மூன்று நாள் நீரை நிறுத்திப் பார்க்க வேண்டும். கூரையில் சூரிய மின்தகடு வைக்க எண்ணுபவர்கள் தாங்குகால்களுக்கான மேடைகளையும் மின்குழாயையும் நீர்த்தடுப்புக்கு முன்பே அமைத்துவிடுவது நன்று. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் முடிந்த தளத்தைத் துளைத்து ஆணி இறக்கினால் அந்த மானியம் ஒழுக்கைச் சரிசெய்யவே போய்விடும்.

வெளிச்சுவர் வண்ணத்தைப் பற்றிக் கடைகளில் கேட்கும் உறுதிமொழிகளுக்கு அளவில்லை. சிமெண்ட் வண்ணம் மலிவு, விரைவில் மங்கும். அக்ரிலிக் எமல்ஷன் விலை கூடுதல், நீடிக்கும். மயிரிழை விரிசலை மூடும் நெகிழ்வான பூச்சுகளும் உள்ளன. எந்த வண்ணமும் மோசமான மொட்டைமாடியின் ஒழுக்கை நிறுத்தாது.

வண்ணம் என்றதும் மைசூருவாசிகளுக்கு ஒரு பெருமை நினைவுக்கு வரும். 1937-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கு, வண்ணத் தொழிற்சாலையாகத் தொடங்கிய மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்னும் கர்நாடக அரசு நிறுவனம், 1962 பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் அழியா மையைத் தயாரித்து வருகிறது. சுவர் வண்ணம் விரல் மையைப் போல நிலைத்தால் நமக்கு இத்தனை கவலை இராது.

உள்ளே

பூச்சுக்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, சுவரில் பதித்த மின்குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துவைக்க வேண்டும். பத்தாண்டு கழித்து அலமாரிக்கு ஆணி அடிப்பவர் நமக்கு நன்றி சொல்வார். தண்ணீர்க் குழாய்களை அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே மூட வேண்டும். வெந்நீர்க் கொதிகலத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் தனித்தனிச் சுற்றும், கசிவு மின்சாரத்தில் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விசையும், சரியான நிலத்தொடர்பும் உயிர்காக்கும் செலவுகள். இவற்றில் மிச்சம்பிடித்து விளக்குத் தோரணத்தில் செலவிடும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்.

குளியலறைத் தளத்துக்கும் மொட்டைமாடிச் சோதனையே பொருந்தும்: ஓடு பதிக்கும் முன் 48 மணி நேரம் நீர் நிறுத்தி, கீழ்த்தளக் கூரையைப் பார்க்க வேண்டும். தரைக்கு இன்று பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் விட்ரிஃபைடு ஓடு நீரை உறிஞ்சாது. அதனால் வெறும் சிமெண்ட் பாலில் அது நன்றாகப் பிடிப்பதில்லை. அதற்கென உள்ள ஒட்டுக்கலவையைப் பயன்படுத்தினால் பின்னாளில் தட்டினால் ஓட்டை ஓசை எழாது. ஒரே தொகுதி எண்ணுள்ள பெட்டிகளாக, தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி, மிஞ்சியதைப் பரணில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே நிறத்தை அடுத்த ஆண்டு கடையில் தேடினால் கிடைக்காது. பதித்த தரைமீது நெகிழித்தாள் விரித்து அதன்மேல் பாரிஸ் சாந்தை மெல்லிதாக ஊற்றிவிட்டால், தச்சரும் வண்ணக்காரரும் போன பிறகும் தரை தரையாகவே இருக்கும்.

வண்ணத்தில் வரிசை முதன்மை. உலர்ந்த சுவரில் புட்டி இரண்டு பூச்சு, தேய்ப்பு, பிரைமர், முதல் பூச்சு. பிறகு தச்சு வேலையும் மின்பொருத்தமும். எல்லாம் முடிந்து வீடு துடைத்த பின் கடைசிப் பூச்சு. புதிய சிமெண்ட் பூச்சில் காரம் மிகுதி. காரத்தைத் தாங்கும் பிரைமரையே கேட்டு வாங்க வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவின் மேலுள்ள அக்குறிப்பைப் படித்துவிட்டு வாங்குவது நன்று. கூலியைச் சதுர அடிக்குப் பேசும்போது கதவு, சன்னல் பரப்பைக் கழிப்பதா இல்லையா என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். பூசல்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

தாள்களும் காலக்கெடுவும்

பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தவர்கள் தாமே குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். கடன் பெற்ற நிதியாண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானம் நிறைவடையாவிட்டால் இவ்வரம்பு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். 30 விழுக்காடு வரி அடுக்கில் உள்ளவருக்கு இவ்வேறுபாடு, மேல்வரி சேர்த்து, ஆண்டுக்கு 53,040 ரூபாய். கட்டுமானக் காலத்தில் செலுத்திய வட்டியை, வீடு நிறைவடைந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பகுதிகளாக, அதே 2,00,000 வரம்புக்குள் கோரலாம். முடிந்த வீட்டைப் பின்னர் புதுப்பிக்க வாங்கும் கடனுக்கோ 30,000 ரூபாய் வரம்பே பொருந்தும். புதிய வரி முறையில் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவுகள் இல்லை.

வரியைவிட உடனடியாகத் தேவைப்படுவது நிறைவுச் சான்று. நிறைவுச் சான்றோ குடியேற்றச் சான்றோ காட்டிய பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சிறு மனைகளுக்கான விலக்குகள் மாநில விதிகளைப் பொறுத்தவை. கட்டுமானத்துக்குப் பெற்ற தற்காலிக மின் இணைப்பை நிலையானதாக மாற்றும் முன் மாநகராட்சியிலும் சாமுண்டேஸ்வரி மின் வழங்கு நிறுவன அலுவலகத்திலும் இதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அனுமதித்த வரைபடத்தில் இல்லாத முன்கூடத்தையோ, பக்கவாட்டு இடைவெளியை விழுங்கும் படிக்கட்டையோ நிறைவு வேலையின்போது சேர்த்தால், சான்றும் கடைசிக் கடன் தவணையும் ஒருசேர நின்றுபோகக்கூடும்.

ஒப்பந்தக்காரரிடம் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனையை எழுதிக்கொள்வது வழக்கத்தில் உள்ளது: மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டை வீடு ஒப்படைத்த பின்னும் நிறுத்திவைத்து, குறைகள் நீங்கிய பிறகு தருவது. பெரும்பாலோர் இதற்கு ஆறு மாதம் என்று எழுதுகின்றனர். தையில் குடிபுகும் மைசூரு வீட்டுக்கு அந்த ஆறு மாதம் ஆடியோடு முடிந்துவிடும். அக்டோபர் இறுதி வரை என்று தேதியிட்டு எழுதிக்கொள்ளலாம்.